இருபத்து நாலு வோல்ட் சந்தேகம்

ஜெர்மனியிலிருந்து வந்த பேட்டரி வண்டி ஒரு வாரமாக நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. கடத்தூர் மிஷன் ஆஸ்பத்திரியில், மேட்டிலிருந்த வார்டுக்குச் சோற்று அண்டாவை ஏற்றிப் போகத்தான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில் அது வந்து சேர்ந்தது. வண்டி வந்தது, சார்ஜரைக் காணோம்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள ஓடலைன்னா வண்டியைச் சேலத்துக்கு அனுப்பிடுவேன், செபாஸ்டின். அண்டா தூக்கித் தூக்கி ஆயா குள்ளம்மாளுக்கு முதுகே போச்சு" என்றார் சிஸ்டர் ராஜமேரி.

ஸ்டோர் கீப்பர் செபாஸ்டின் யாரையும் நம்பாதவர். கோயிலில் முழங்கால் போட்டாலும் ஒரு கண் வாசலில் கிடக்கும் செருப்பின் மேல்தான்.

சார்ஜர் வாங்கத் தர்மபுரிக்குப் போனவரிடம் பேட்டரிக் கடை தீர்த்தகிரி கேட்டார்: "வண்டியில எத்தனை பேட்டரிங்க?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

"சொன்னாத்தானுங்க சார்ஜர் தர முடியும்."

"ரெண்டு. ஒவ்வொண்ணும் பன்னெண்டு வோல்ட்."

"அப்ப ரெண்டும் சேர்ந்து இருபத்து நாலுங்க. இந்த இருபத்து நாலு வோல்ட் சார்ஜரை எடுத்துக்குங்க. மெதுவாத்தான் ஏத்தும். பேட்டரிக்கு நல்லது."

மெதுவாக ஏற்றுவது நல்லதா? விற்காத சரக்கைத் தலையில் கட்டுகிறான்! பேட்டரியே பன்னிரண்டு என்றால் இருபத்து நாலு எதற்கு? செபாஸ்டின் பிடிவாதமாகப் பன்னிரண்டு வோல்ட் பெட்டியை வாங்கிக்கொண்டார்.

கேட்டில் வாட்ச்மேன் தர்மன் எட்டிப் பார்த்தான். "பெட்டியில என்னங்க?"

"உனக்கெதுக்கு?"

ஒரு நாள் முழுக்க ஏற்றியும் வண்டி முனகக்கூட இல்லை. பெட்டியைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினார்.

"எங்கீங்க தூக்கிக்கிட்டுப் போறீங்க?" என்றான் தர்மன்.

இவன் கடைக்காரனின் உளவாளியோ?

"நான் சொன்னதையே கொண்டுபோங்களேன்" என்றார் தீர்த்தகிரி. அதையே திரும்பச் சொன்னதால் செபாஸ்டினுக்குச் சந்தேகம் உறுதியாயிற்று. லாரிப் பட்டறைக்கென்று வைத்திருந்த பெரிய சார்ஜரைத் தூக்கினார்.

"ஐயோ, அது வேண்டாமுங்க! பேட்டரி வெந்துடும்!"

வேண்டாம் என்கிறானா? அப்படியானால் இதுதான் நல்ல சரக்கு.

மறுநாள் மத்தியானத்துக்குள் பேட்டரி உலைபோலக் கொதித்தது. சுவிட்சை அணைக்க ஓடியவர்மேல் ஆசிட் தெறித்து, வேட்டி சல்லடையாயிற்று. குள்ளம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். முதுகு பிடித்துக்கொள்ளவே பாதியில் நிறுத்திவிட்டாள். செபாஸ்டினுக்குச் சுருக்கென்றது.

வெள்ளிக்கிழமை காலை, சந்தேகத்தை விழுங்கிக்கொண்டு, தீர்த்தகிரி சொன்ன சார்ஜரையே மாற்றி வாங்கிவரப் பெட்டியோடு புறப்பட்டார். கேட்டில் சிஸ்டர், ஜெர்மனியிலிருந்து வந்த கடிதத்தோடு நின்றார்.

"சார்ஜரை வண்டியோடயே சின்னப் பெட்டியில அனுப்பினாங்களாம். ஸ்டோர் சாவி உங்ககிட்டதானே இருக்கு? அது எங்கே?"

"மாதா சத்தியமா நான் பார்க்கலை சிஸ்டர்! எவனோ திருட்டுப் பய எடுத்துட்டான்!"

தர்மன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்தான்.

"கவலைப்படாதீங்க சிஸ்டர். வண்டியை இறக்கின அன்னிக்கே அதை எங்க வூட்டுப் பரண்ல பத்திரமா வெச்சுட்டேனுங்க. இவரு கைக்குப் போயிருந்தா, இந்நேரம் அதையும் தர்மபுரிக்குத் தூக்கிக்கிட்டுப் போயி வித்திருப்பாருங்க!"