பேதுருவுக்குப் போட்ட தப்பு

கிழக்குத் தாம்பரம்
8.11.1967

கர்த்தருக்குள் அன்பான மச்சான் தயாளனுக்கு லாசரஸ் எழுதுவது. ஸ்தோத்திரம். வீட்டில் எல்லாரும் சுகம் என்று எழுத நினைத்தேன், பேனா ஓடவில்லை. உங்கள் அக்கா யூனிஸ் என்னோடு பேசுவதில்லை. மகன் தனசிங் பள்ளிக்கூடம் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கிறான்.

நடந்தது இது. பிற்பாடு காலேஜில் இடம் கிடைக்கும் என்று நம்பி அவனைக் கத்தோலிக்கச் சுவாமியார்கள் நடத்தும் ஆண்பிள்ளைகள் பள்ளியில் சேர்த்தேன் அல்லவா? கிறிஸ்தவன் என்று சொன்னதால், புராட்டஸ்டண்டு என்றும் பாராமல், அவர்களுடைய ஞானோபதேச வகுப்பில் உட்கார வைத்துவிட்டார்கள். எதிர்வீட்டு ஐயர் பையன் கிட்டுவுக்கு அந்தத் தொல்லை இல்லை, நீதிபோதனை வகுப்பில் நிம்மதியாகத் தூங்குகிறான். பரீட்சையில், ஆண்டவரைத் தெரியாது என்று மறுதலித்த சீஷன் யார் என்று கேள்வி. இவன் பேதுரு என்று எழுதினானாம். அவர்கள் பேதுருவை ராயப்பர் என்கிறவர்கள், அதனால் தப்புப் போட்டுவிட்டார்களாம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன், வேதாகமத்தை எழுத்துக்கூட்டித்தான் தமிழே படித்தேன், வருஷக்கணக்காக ஓய்வுநாள் பள்ளி நடத்துகிறேன், என்னிடமா? போனேன். வாத்தியார் சவுரிமுத்து, "ரெண்டும் ஒருத்தர்தான் சார்" என்கிறார். "ஒருத்தர்தான்னா மார்க்கை எதுக்கையா குறைச்சீர்?" என்றேன். "பேப்பரை ஒரு தரம் பார்த்துடுங்க சார்." "நான் எதுக்குப் பார்க்கணும்? எம்புள்ள பொய் சொல்லமாட்டான். டி.சி.யைக் கொடும்!" தலைமைச் சுவாமியார், "வீட்டுக்குப் போய் யோசிச்சுட்டு வாங்க" என்றார். "யோசிச்சுட்டுத்தான் வந்தேன்" என்று அங்கேயே உட்கார்ந்து, வாங்கிக்கொண்டுதான் எழுந்தேன்.

அதோடு சரி. பல்லாவரத்திலிருந்து ஊரப்பாக்கம் வரை பள்ளி பள்ளியாக ஏறி இறங்கிவிட்டேன். "எஸ்.எஸ்.எல்.சி. பையனை நடுவருஷத்துல எவன் சேர்ப்பான் பெரியவரே?" என்று ஒரு குமாஸ்தா சிரிக்கிறான். பிள்ளைக்கு ஒரு வருஷம் பாழ். காலேஜ் கனவு போயிற்று. நீங்கள் வேலை பார்க்கும் மிஷன் பள்ளியில் எப்படியாவது ஓர் இடம் வாங்கித் தாருங்கள். ஆனால் ஒன்று, உலகமே திரண்டு வந்தாலும் பேதுரு பேதுருதான்.

உங்களையும் புஷ்பத்தையும் குழந்தைகளையும் கர்த்தர் காத்துக்கொள்வாராக. என் பக்கமும் கொஞ்சம் திரும்பிப் பார்க்கச் சொல்லி ஜெபியுங்கள்.

தங்கள் அத்தான்,
லாசரஸ்

பி.கு.: உறையை ஒட்டும்போது தனசிங் வந்து நின்றான். அவன் எழுதியது பேதுரு இல்லையாம், ஆண்டவரைக் காட்டிக்கொடுத்த யூதாஸாம். சொன்னால் அடிப்பேன் என்று பயந்து மாற்றிச் சொன்னானாம். யூதாஸுக்கு அவர்களிடமும் யூதாஸ் என்றுதான் பேர், விசாரித்துவிட்டேன். இடம் பார்க்க வேண்டாம். நாளை டி.சி.யைத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன். மன்னிப்பெல்லாம் கேட்கமாட்டேன். பையனைச் சேர்த்துக்கொள்வதாக இருந்தால், சுவாமியார் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு தரம் ராயப்பர் என்று சொல்லிவிடுகிறேன்.