துருப்பேய்க்கு வைத்த காந்தம்

வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரிக்கரையில் அந்தக் குளிர்காலம் முழுவதும் ஒரே பேச்சு: டெல்பர்ட் வந்துவிட்டார்! லாரியைப் பிடித்த துருப்பேயை ஓட்டுகிறார்!

பனியைக் கரைக்கச் சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள். அது வண்டிக்கு அடியில் ஒட்டிக்கொண்டு ஸ்பிரிங் பட்டைகளைத் தின்கிறது. இதைச் சொன்னால் எவன் காசு கொடுப்பான்? பேய் என்றதும் வரிசையில் நின்றார்கள்.

லாரியில் மரம் ஏற்றிச் செல்லும் ரெய்னோ லாஹ்டியும் நின்றான். வழக்கமாகக் குளிர்காலம் தொடங்கியதும், துருப்பிடிக்காமலிருக்க வண்டியின் அடியில் ஆட்டுக் கம்பளியிலிருந்து எடுத்த கொழுப்பைப் பூசுவான். வாரம் தவறாமல் உப்பைக் கழுவுவான். இந்த ஆண்டு இரண்டும் இல்லை. டெல்பர்ட் ஸ்பிரிங்கில் செம்புக் கம்பியைக் கட்டி, ஏதோ முணுமுணுத்து, நாற்பது டாலரை வாங்கிக்கொண்டு, "பனி உருகுறவரைக்கும் அடியில தண்ணி படக்கூடாது சகோதரா. பட்டா மந்திரக்கட்டு அவுந்துரும்" என்று சொல்லியிருந்தார். மனைவி எத்தனை முறை சொன்னாலும் பூட்ஸை வாசலில் கழற்றாத ரெய்னோ, இதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தான்.

அவன் மனைவி வெர்னாவுக்கு மட்டும் மனம் கேட்கவில்லை. வண்டி நின்ற இடத்தில், பனியின் மேல் பழுப்புத் தூள் கொட்டிக் கிடந்ததைக் காலையில்தான் பார்த்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம் பொரித்த மீன் தின்ன ஊரே மதுக்கடைக்கு வந்திருந்தது. வாசலில் டெல்பர்ட் இரண்டு உப்புத்தண்ணீர் ஜாடிகளைத் தூக்கிக் காட்டினார். ஒன்றில் துருவேறிய போல்ட். மற்றதில் பளபளக்கும் போல்ட்.

"ஒரே பெட்டியில இருந்து எடுத்தது! இதுக்கு மட்டும் பேய் ஓட்டினேன்!"

"பாத்தியா வெர்னா?" என்றான் ரெய்னோ பெருமையாக.

வெர்னா ஜாடிகளிலிருந்து இரண்டு போல்ட்டையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு, பையிலிருந்து குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் காந்தத்தை எடுத்தாள். துரு போல்ட்டில் பச்சக்கென்று ஒட்டியது. பளபளப்பில் வைத்தாள். வழுக்கி விழுந்தது.

"என்னங்க இது, எங்க வீட்டு எவர்சில்வர் கரண்டி மாதிரியே துருவும் ஏறல, காந்தமும் ஒட்டல?"

டெல்பர்ட் அசரவில்லை. "பேய் போனா காந்தமும் போயிரும் சகோதரி!"

"அப்படியா! அப்ப இந்தத் துரு போல்ட்டுக்கும் ஓட்டுங்க. காந்தம் விழுதான்னு பாப்போம்."

கூட்டம் நெருங்கியது. டெல்பர்ட் முணுமுணுத்தார், ஊதினார், அந்தக் குளிரிலும் வியர்த்தார். காந்தம் அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டே இருந்தது.

"பேய்க்கு இடம் புடிச்சுப்போச்சு போல!" என்றான் ஒருவன். சிரிப்பு அடங்குவதற்குள் டெல்பர்ட்டின் வேன் கிளம்பிவிட்டது.

ரெய்னோ சிரிக்கவில்லை. "மத்த வண்டிக்கு எப்படியோ, என் வண்டி நல்லாத்தானே ஓடுது?" என்றான் மெதுவாக.

வெர்னா வெளியே நின்ற அவன் லாரியிலிருந்து சுத்தியலை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். "நாளைக்கு முப்பது டன் மரத்தோட மலை இறங்கப்போற. குனிஞ்சு ஒரு தட்டுத் தட்டிப் பாருய்யா."

தட்டினான். ஸ்பிரிங்கைத் தாங்கும் இரும்பு பொலபொலவென்று உதிர்ந்தது. அடுத்த அடியில் சுத்தியல் மறுபக்கம் போய்விட்டது. செம்புக் கம்பி மட்டும் புத்தம் புதிதாக மின்னியது. ரெய்னோ பனியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

பேய் ஓட்டுகிறவன் வேனில் ஏறிப் போய்விடுவான். மலை இறங்கப்போவது நாம்தான். வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்க நமக்கென்ன வெட்கம்?