திங்கட்கிழமையே போட்ட டிக்

ஒரு தடவை எடுத்து, ஓட்டி, பெட்டிக்குள் போட்ட படத்தையே மறுபடி எடுக்க எங்கள் ஜார்ஜியா ஊருக்கு ஒரு கம்பெனி வந்து இறங்கியது. புதுக் கதை யோசிக்கத் துப்பில்லை, பணத்துக்கு மட்டும் பஞ்சமில்லை. ஜெயிலிலிருந்து வெளியே வந்த ஒருவன், தன்னை உள்ளே தள்ளிய வக்கீலின் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து பழிவாங்குகிறான். இதுதான் கதை. அவன் பக்கத்தில் நின்று முறைக்க உள்ளூர்க் கூட்டாளி ஒருவன் வேண்டுமாம். ஆள் பொறுக்குகிறவர் சனிக்கிழமை வீடு வீடாக வருகிறார்.

அந்த வேடம் எனக்கே என்று தீர்மானித்தேன். சர்ச் நாடகத்தில் பதினோரு வருஷம் ரோமாபுரிச் சிப்பாயாக ஈட்டி பிடித்தவன் நான். இந்த ஊரில் வேறு எவனுக்கு நடிப்பு தெரியும்?

திங்கட்கிழமை காலை என் மனைவி வெர்லீனிடம் அறிவித்தேன்.

"இன்னையிலேர்ந்து நான் உன் புருஷன் இல்ல."

"இத்தனை நாள் மட்டும்?" என்றாள், மாவு பிசைந்துகொண்டே.

"நான் ஜெயில்லேர்ந்து வந்த கைதி. வாரம் பூரா இந்த வீட்டைச் சுத்தி வருவேன். நீ பயந்து நடுங்கணும். சனிக்கிழமை அந்த ஆள்கிட்ட அதை உன் வாயாலயே சொல்லணும்."

"பொறியில எலி விழுந்தா என்னைக் கூப்பிடற ஆளு நீங்க. உங்களைப் பார்த்து நான் நடுங்கணுமா?"

"நடிப்பைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாதுதான்" என்றாள் அடக்கமாக. பிரிஜ் கதவையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி, பயந்துடறேன்."

பிரிஜ் கதவில் இருப்பது வேலைப் பட்டியல். எங்கள் ஊர்ப் பெண்கள் புருஷனுக்கென்று எழுதிக் காந்தத்தால் ஒட்டிவைப்பது. எங்கள் வீட்டுப் பட்டியலுக்கு வயது மூன்று. அதைப் படிக்காமலே கதவைத் திறந்து பால் எடுக்கும் வித்தை எனக்கு அத்துப்படி.

மதியம் சுருட்டைக் கடித்துக்கொண்டு மதில்மேல் உட்கார்ந்து முறைத்தேன். வெர்லீன் வெளியே வந்தவள் நெஞ்சில் கைவைத்தாள். பக்கத்து வீட்டு இமோஜினிடம் வேலிக்கு மேலாகப் பேசினாள்.

"யாரோ ஒருத்தன் உக்காந்திருக்கான்டி. கொலைகாரக் கண்ணு."

"ஐயையோ. கூரை மேல ஏறிட்டான்னா?"

"அங்கதான் ஏற முடியாதே. பைன் இலை முழங்கால் அளவு கிடக்கு. வழுக்கி விட்டுடும். அது மட்டும் சுத்தமா இருந்துச்சுன்னா நான் பயத்துலயே செத்துடுவேன்."

அசட்டுப் பெண்பிள்ளை. எதிரிக்கு வழி சொல்கிறோம் என்ற அறிவுகூட இல்லை. இரண்டு நாளில் கூரையைப் பெருக்கித் துடைத்து, மேலே படுத்து முறைத்தேன்.

வியாழக்கிழமை இமோஜினிடம் மறுபடி புலம்பல்.

"வீட்டுக்கு அடியில நுழைஞ்சா என்னடி பண்ணுவேன்? நல்லவேளை, குழாய் ஒழுகி ஒரே சேறு. எந்தக் கைதி அதுல படுப்பான்?"

எங்கள் ஊர் வீடுகள் தரையை விட்டு உயர்ந்து கட்டைக்கால் மேல் நிற்பவை; அடியில் ஆள் தவழ இடமுண்டு. நான் படுத்தேன். குழாயையும் அடைத்தேன். தலைக்கு மேலே பலகையில் அவள் காலடி தடதடவென்று ஓடியது. பயந்தே விட்டாள் என்று சேற்றோடு சேற்றாகப் பூரித்துப் போனேன்.

சனிக்கிழமை விடிந்ததும் ஒரு வாளி இளநீலப் பெயின்டோடு வந்து நின்றாள்.

"நான் நடுங்கினேன்னு சொன்னா அந்த ஆள் நம்பணுமில்ல?"

"நம்பாம?"

"பயந்த வீடுன்னா இந்தப் பக்கத்துல என்ன பண்ணுவாங்க? கெட்டது உள்ள வரக்கூடாதுன்னு வராந்தா மேல்பலகைக்கு நீலம் அடிப்பாங்க. நம்ம வீட்டுல உரிஞ்சு தொங்குது. பார்த்தா சிரிக்க மாட்டாரா?"

நியாயம்தானே. என்னை விரட்டும் நீலத்தை நானே ஏணி போட்டு அடித்தேன். கடைசிப் பலகையில் இருக்கும்போது ஆள் பொறுக்குகிறவர் வந்துவிட்டார். மூக்கில் நீலம் வழிய முறைத்தேன். அவர் வெர்லீன் பக்கம் திரும்பினார்.

"இவரைப் பார்த்தா பயமா இருந்துச்சாம்மா?"

"மூணு வருஷமா பயம்தான் சார். இதெல்லாம் என் காலத்துல முடியாதோன்னு."

பட்டியலை நீட்டினாள். ஏணியிலிருந்தே எட்டிப் பார்த்தேன். கூரை. குழாய். வராந்தா நீலம். மூன்றுக்கும் டிக். பக்கத்தில் தேதி. மூன்றும் திங்கட்கிழமை.

இன்னும் பலமாக முறைத்தேன். அந்த மனுஷனோ என் முகத்தைப் பார்க்கவே இல்லை. பிரஷ் பிடித்த கையைத்தான் பார்த்தார்.

"பிரமாதம். ஜெயில்ல சுவருக்கு வெள்ளையடிக்கிற கைதி ஒருத்தன் வேணும். வசனம் கிடையாது. முதுகு மட்டும் தெரியும். நிஜச் சுவர், நாலு நாள் ஆகும்."

நான் வாயைத் திறப்பதற்குள் வெர்லீன் பட்டியலைத் திரும்ப வாங்கினாள். அடியில் 'ஜெயில் சுவர்' என்று எழுதினாள். அதற்கும் அப்போதே டிக் போட்டாள்.