ஒரு ஆள் குறையுது

கண்டியில் பேய்க்குப் பயப்படாதவர்களைப் பார்த்திருக்கிறேன். ஹந்தானை மலை ரோட்டு வளைவுகளில் பஸ்ஸின் மிதிபலகையில் ஒற்றைக் காலில் தொங்கிப் போகும் சூரர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் றைட் அண்ணன் விரலை நீட்டி ஆள் எண்ணத் தொடங்கினால் பயப்படாத ஒருவரை எங்கள் தெருவில் பார்த்ததில்லை.

மனிதர் தூர இடத்துப் பஸ்களில் கொண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய சொந்தப் பெயர் மகள் செல்விக்கும் கிராம சேவகருக்கும் மட்டும்தான் தெரியும். சில நாட்களில் அவருக்கே தெரியாது. தேநீருக்கு நிறுத்திய இடத்தில் ஒரு பயணியைக்கூட விட்டுவிட்டு வந்ததில்லை என்பது அவர் வாழ்நாள் பெருமை. எல்லோரும் ஏறிய பிறகு தலைகளை எண்ணுவாராம். சரியாக இருந்தால் பஸ்ஸின் தகரத்தில் இரண்டு தட்டு, ஒரு "றைட்". தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இவருடைய பழக்கம் அதற்கு முன்பே கல்யாண வீட்டுக்கு வந்துவிட்டது.

அங்கே பந்தியில் இருந்தவர்களை எண்ணிப் பார்த்து, "ஒரு ஆள் குறையுது" என்றார். பெண் வீட்டார் பாதிச் சோற்றில் எழுந்து ஓடி மாப்பிள்ளையைத் தேடினார்கள். அவர் பாவம், கழிப்பறையில் இருந்தார். அடுத்த வாரம் ஒரு சாவு வீட்டிலும் எண்ணிவிட்டு அதையே சொன்னார். அங்கே கணக்கு மிகச் சரியாகத்தான் இருந்தது, ஆனாலும் ஒருவரும் பாராட்டவில்லை.

பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தார். நான், என் மனைவி, இரண்டு பிள்ளைகள் என்று நாலு பேரும் முன்னாலேயே நின்றோம். இரண்டு தரம் எண்ணினார். ஒரு ஆள் குறைந்தது. என் மனைவி உடனே கொழும்பிலிருக்கும் தன் தம்பிக்கு போன் போட்டாள். அவன் எடுத்து, உயிரோடுதான் இருப்பதாக எரிச்சலோடு சொல்லும் வரை அவள் முகத்தில் இரத்தம் இல்லை. இவர் எண்ணிவிட்டுப் போனால் அந்த வீட்டில் ஒரு தலை விழும் என்று அதற்குள் தெருவில் பேச்சு. அவர் வந்தால் ஜன்னல்கள் சாத்தப்பட்டன. நான் மட்டும் என்ன யோக்கியமா? அவரைக் கண்டால் ரோட்டைக் கடந்து மறுபக்கம் போனேன்.

அந்தச் சமயத்தில்தான் சனசமூக நிலையத்துக்கு கிளினிக்கில் தாதியாக இருக்கும் மிஸ் ஒருவர் வந்து மறதி நோயைப் பற்றிப் பேசினார். தேநீரும் ரோல்ஸும் உண்டு என்று கேள்விப்பட்டு தெருவே போனது. இது பைத்தியமும் இல்லை, சகுனமும் இல்லை, நோய் என்றார் மிஸ். நோயாளியோடு தர்க்கம் பண்ணாதீர்கள், அவர் மனம் தேடுகிற பதிலைக் கொடுங்கள் என்றார். கையில் தந்த தாளை வாசிக்க நான் மூக்குக்கண்ணாடியைத் தேடினேன். சட்டைப்பையில் இல்லை, கதிரைக்குக் கீழும் இல்லை. மூக்கில் இருந்தது. அன்று முதல் றைட் அண்ணனுக்குப் பயப்படுவதை விட்டு எனக்கே பயப்படத் தொடங்கினேன்.

தெரு பதிலைப் பாடமாக்கிக்கொண்டது. அவர் எண்ணி முடித்ததும் யாராவது, "எல்லாரும் ஏறியாச்சண்ணே" என்போம். உடனே முகம் தெளிந்துவிடும். பக்கத்தில் உள்ள தகரம் எதுவோ, கேட்டோ ஆட்டோவோ நஸீர் நானா கடை பிஸ்கட் டின்னோ, அதில் இரண்டு தட்டுத் தட்டி "றைட்" என்றுவிட்டுப் போவார். ஹந்தானை பஸ் டிரைவரும் பழகிவிட்டார். முன் சீட்டில் ஏற்றி மேலே கொண்டுபோய், அதே பஸ்ஸில் திருப்பிக் கொண்டுவந்து வீட்டு வாசலில் விடுவார்.

செல்வி மட்டும், அப்பா எங்காவது தொலைந்துவிடுவார் என்று பயந்துகொண்டே இருந்தாள். அவருடைய நீலச் சட்டையின் காலருக்குள் பெயரும் போன் நம்பரும் எழுதிய துணியைத் தைத்துவிட்டாள். அவர் அதைப் படித்தார். அவருக்கு அது யாரோ ஒரு ஆளின் பெயர். சட்டையைக் கழற்றி மடித்து, பஸ்ஸில் விட்டுப்போன சாமான் என்று நானாவின் கடையில் ஒப்படைத்தார். இப்படி இரண்டு தடவை நடந்தது. நாங்கள் சிரித்தோம்.

மூன்றாம் தடவை சிரிக்கவில்லை. நானா பின்னேரத் தொழுகைக்குப் போய் வந்து கடையைத் திறந்தால், பலகையில் சட்டை மடித்தபடி இருக்கிறது. ஆளைக் காணவில்லை. அதைக் கையில் எடுத்துக்கொண்டு, கடையைக்கூடச் சாத்தாமல் செல்வி வீட்டுக்கு ஓடி வந்தார்.

"மகள், ஒங்கட அப்பா வீட்டுல ஈக்கிறாரா?" என்று கேட்டார். செல்வி சட்டையைப் பார்த்தாள். செருப்பும் போடாமல் ரோட்டில் இறங்கினாள்.

வாசலில் நின்ற நானும் சேர, மூன்று பேரும் பஸ் ஹோல்ட்டுக்கு ஓடினோம். அன்று பார்த்துப் புது டிரைவர். பெனியனோடு ஒரு பெரியவர் ஏறினார், கடைசி ஹோல்ட்டில் இறங்கினார், யாரையோ தேட வேண்டும் என்றார் என்று சொல்லிவிட்டு, எங்கள் முகங்களைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். உடனே எங்களை ஏற்றிக்கொண்டு மேலே விட்டார்.

மேலே பனி இறங்கிவிட்டது. நீட்டிய கை தெரியவில்லை. தேயிலைச் சரிவு எங்கே முடிந்து பள்ளம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. மழையும் தூறியது. வெளிச்சம் போகப் போகிறது, பெனியனோடு இருக்கும் வயசாளி இந்தக் குளிரில் எத்தனை நேரம் தாங்குவார்? செல்விக்கு "அப்பா, அப்பா" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போனது. நானா சொந்தப் பெயரைக் கேட்டு வாங்கி, அதைச் சொல்லிக் கூப்பிட்டார். சத்தமே இல்லை. அந்தப் பெயருக்குரிய ஆளை அவர் எப்போதோ இறக்கிவிட்டிருந்தார்.

எனக்குக் காலில் அட்டை ஏறியிருந்தது. அதை உதறப் போய்ச் சறுக்கினேன். பள்ளத்தை நோக்கிப் போகிறேன் என்று தெரிந்தது. அந்த நேரத்தில் மனிதன் கடவுளைக் கூப்பிட வேண்டும். என் வாயில் வந்ததோ, நான் இறங்க வேண்டிய ஹோல்ட்டில் பஸ் நிற்காமல் போகப் பார்க்கும்போது வழக்கமாகக் கத்துவது.

"இறக்கம்! இறக்கம்!"

கீழே பனிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "ஹோல்ட் வரட்டும், அவசரப்படாதீங்க."

தேயிலைச் செடியைப் பிடித்து நின்று நான் அழுதேன் என்பதை நானா இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. அதற்காகவாவது அவரிடமே சாமான் வாங்குகிறேன்.

தேயிலைக்கு நடுவே தண்ணீர் ஓட வெட்டிய கானுக்குள் அண்ணன் குந்தியிருந்தார். பல் தந்தியடித்தது. எழுந்திருக்கச் சொன்னால் முடியாது என்றார். நான் மிஸ் சொல்லித் தந்த பதிலைச் சொன்னேன், எல்லாரும் ஏறியாச்சு என்று.

"பொய் சொல்லாதீங்க," என்றார். "நான் எண்ணிப் பாத்தேன். ஒரு ஆள் இங்கதான் எங்கயோ நிக்குது. பனிக்குள்ள விட்டுட்டு எப்புடிப் போறது?"

தினமும் எங்கள் வாசல்களில் அவர் தேடியது யாரை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மேலே டிரைவர் ஹோர்ன் அடித்தார். அண்ணன் தலையை நிமிர்த்தினார். பஸ்ஸைக் காக்கவைக்கக் கூடாது என்று சொல்லித் தானே எழுந்து சரிவில் ஏறினார். நாங்கள் மூன்று பேரும் விழுந்து எழும்பிப் பின்னால் போனோம். ஆனால் பஸ் வாசலில் நின்றுவிட்டார். கொண்டக்டர் கடைசியில்தான் ஏற வேண்டும். உள்ளே பார்த்து எங்களை எண்ணினார். ஒரு ஆள் குறைந்தது.

செல்வி இறங்கினாள். "அந்த ஆள் எப்புடிப்பா இருப்பாரு?"

"ஒல்லியான ஆளு. நீலச் சட்டை." கொஞ்சம் யோசித்தார். "வீட்டுல பொம்பளப் புள்ள ஒண்ணு பாத்துக்கிட்டு இருக்கும்."

அவள் சட்டையை அவருக்குப் போட்டுவிட்டு, ஒவ்வொரு பொத்தானாகப் பூட்டினாள். அவசரத்தில் ஒரு பொத்தான் மாறிப்போனது. "இந்தா, வந்துட்டாருப்பா."

அவர் சட்டையைத் தடவினார். "நல்லா பாத்தியா?"

"பாத்தேன்."

ஏறினார். தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினார். "றைட்."

இப்போதும் தினமும் எண்ணுகிறார். எனக்கும் பயம் முழுதாகப் போகவில்லை. போன கிழமை எதிர்வீட்டுக்காரர் பெயர் வெகுநேரம் வாயில் வரவில்லை. என்றைக்காவது நானும் எங்காவது விடுபட்டுப்போனால், பஸ்ஸை எடுக்க விடாமல் நின்று ஒரு ஆள் குறைகிறது என்று சொல்ல இவரைப் போல ஒருவர் வேண்டும். அதனால் காலையில் அவர் விரலை நீட்டிக்கொண்டு வரும்போது நான் ஒளிவதில்லை. எண்ணுவதற்கு வசதியாக வாசலில் வந்து நிற்கிறேன்.