சும்மா இருந்த டிரான்சிஸ்டர்களை வீட்டுக்கு அனுப்பினேன்

புரியாத விஷயத்துக்குத் தலையாட்டுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பள்ளிக்கரணையில் ஒரு சின்ன கம்பெனியில் சிப் வடிவமைக்கும் வேலைக்குச் சேர்ந்த முதல் ஐந்து மாதமும் நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான். (கழுத்துக்கு நல்ல பயிற்சி.)

எங்கள் வேலைக்கு லேஅவுட் என்று பெயர். மின்சுற்றை வேறொருவர் வரைந்து கொடுப்பார். அதிலுள்ள ஒவ்வொரு டிரான்சிஸ்டரும் சிலிக்கானில் எங்கே, எவ்வளவு அகலத்தில் உட்கார வேண்டும் என்று திரையில் கலர் கலராகக் கட்டம் போடுவது நாங்கள். மனைக்கு பிளான் போடுவது மாதிரிதான், மனை மட்டும் மிளகு அளவுக்கு இருக்கும். இதற்குத் தனி பாஷை உண்டு. கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே போதிய இடைவெளி இருக்கிறதா என்று மென்பொருள் பார்ப்பது டிஆர்சி. கொடுத்த மின்சுற்றும் நாங்கள் போட்ட படமும் ஒன்றுதானா என்று பார்ப்பது எல்விஎஸ். எல்லாம் முடித்துப் படத்தைத் தொழிற்சாலைக்கு அனுப்புவது டேப்அவுட். அதற்குப் பிறகு தப்பு இருந்தால் சிப்பைத் தூக்கித்தான் போட வேண்டும்.

சேலையூரிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே இந்த வார்த்தைகளை நாளுக்கு ஒன்றாக ஃபோனில் படிப்பேன். ‘டம்மி டிரான்சிஸ்டர்’ வந்த அன்று மேடவாக்கத்தில் ஒரு சீட் காலியானது. ‘மின்சுற்றில் எந்த வேலையும் செய்யாதது’ என்ற முதல் வரியோடு ஃபோனைப் பைக்குள் போட்டுவிட்டு, உட்கார்ந்து தூங்கிவிட்டேன். இரண்டாவது வரியை மறுநாளும் படிக்கவில்லை.

ஆறாவது மாதம் டிசம்பர். வேலை நிரந்தரமா இல்லையா என்று அந்த மாதக் கடைசியில் சொல்வார்கள். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற அப்பா, நிரந்தரமாகிவிட்டதாகவே சர்ச்சில் பாஸ்டர் வரைக்கும் சொல்லி முடித்திருந்தார். பெரிதாக எதையாவது செய்து காட்டியே ஆக வேண்டும்.

டேப்அவுட்டுக்கு நான்கு நாள் இருந்தபோது, இடத்தை இன்னும் சுருக்க முடியுமா பாருங்கள் என்று டீம் லீட் கலைவாணன் சார் எல்லோரிடமும் சொன்னார். என் பகுதியில் வரிசை வரிசையாக டிரான்சிஸ்டர்கள். ஒரு வரிசைக்கு எட்டு, எட்டும் அச்சு அசலாக ஒரே மாதிரி வர வேண்டியவை. ஆனால் ஒவ்வொரு வரிசையின் இரண்டு முனையிலும் கூடுதலாக ஒவ்வொன்று, கால்களையெல்லாம் கிரவுண்ட் என்கிற பூஜ்ய வோல்ட் கம்பியில் கட்டிப்போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தது. மூன்று மாதம் போடாத சட்டையையே பீரோவில் விட்டுவைக்காதவள் நான். அத்தனையையும் தேடித் தேடி அழித்துவிட்டு, வரிசைகளை நெருக்கி வைத்தேன். டிஆர்சியில் ஒரு பிழை இல்லை. எல்விஎஸ் சிரித்த முகம் ஒன்றைக் காட்டியது. (நிஜமாகவே காட்டும். அதையும் நம்பித் தொலைத்தேன்.)

மறுநாள் சனிக்கிழமை, ரிவ்யூ மீட்டிங்கில் வீட்டிலிருந்தே பேசினேன். ஹெட்ஃபோன் இருந்தது. பாராட்டு வீட்டிலும் கேட்கட்டும் என்று நானேதான் ஸ்பீக்கரில் போட்டேன். அம்மா டைனிங் டேபிளில் கிறிஸ்துமஸ் கேக்கைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார். தம்பி ஜோயல் உதிர்ந்ததைத் தின்றுகொண்டிருந்தான். வீடியோ கிடையாது என்று சொல்லியும் அப்பா இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து உட்கார்ந்தார்.

“சார், என் பிளாக்ல பன்னண்டு பர்சென்ட் இடம் மிச்சம் பண்ணிட்டேன்.”

“சூப்பர் ரூத். எப்டி பண்ணே?”

“வேலை செய்யாம சும்மா இருந்த டிரான்சிஸ்டரையெல்லாம் தூக்கிட்டேன் சார்.”

யாரோ மைக்கை ஆன் செய்து, மறுபடி அணைத்தார்கள்.

“எங்க இருந்துது அதெல்லாம்?”

“ஒவ்வொரு வரிசைலயும் ரெண்டு ஓரத்துலயும் சார்.”

“அது டம்மிம்மா.”

“தெரியும் சார். அதான் தூக்கினேன்.”

என் வாழ்க்கையில் எதையாவது அழிக்கலாம் என்றால் அந்த வாக்கியத்தைத்தான் அழிப்பேன்.

சார் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “ஃபேக்டரில சிலிக்கானை அரிச்சு எடுக்கறப்போ, வரிசைல ஓரத்துல இருக்கறது மட்டும் கொஞ்சம் கோணலா வரும். அந்த அடியை வாங்கிக்கறதுக்குதான் டம்மி நிக்குது. அது நின்னாதான் உள்ள இருக்கற எட்டும் ஒரே மாதிரி வரும். சாஃப்ட்வேர் அதைச் சொல்லாதும்மா, நாமதான் தெரிஞ்சு வெச்சிருக்கணும்.”

“நம்ம கேக்குல ஓரத்துண்டு மாதிரி சொல்றாரு,” என்றார் அம்மா, கத்தியைத் துடைத்துக்கொண்டே. “ஓரம் காந்தினாலும் நடுத்துண்டெல்லாம் ஒரே பதமா வருதுல்ல.”

“யாரு பேசறது? கரெக்டா சொல்றாங்க,” என்றார் சார்.

“அம்மா சார்.”

“ம். அம்மாவுக்குப் புரிஞ்சிடுச்சு.”

அப்பா எழுந்து உள்ளே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக்கூடப் போகாமல், அழித்ததையெல்லாம் திரும்ப வைத்தேன். நெருக்கி வைத்த வரிசைகளைப் பிரித்ததில் வயர்களெல்லாம் இடம் மாறின. கலைவாணன் சாரும் லீவைத் தியாகம் செய்துவிட்டுக் கூடவே உட்கார்ந்தார். படம் சொன்ன நாளில் தொழிற்சாலைக்குப் போய்விட்டது. எனக்கு மட்டும் நிரந்தரம் மூன்று மாதம் தள்ளிப்போனது. அதை அப்பா தானே போய் பாஸ்டரிடம் சொல்லிவிட்டு வந்தார். அன்று அவர் முகத்தைப் பார்க்க எனக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

மார்ச்சில் வேலை நிரந்தரமானது. ஆனால் அதற்குள் ஜோயல் ஒரு கண்டுபிடிப்பு செய்துவிட்டான். ஃபோனில் செல்ஃபி எடுத்தால் ஓரத்தில் நிற்பவர் முகம் மட்டும் இழுபட்டு அகலமாகிவிடுமாம். “அக்கா, நீ ஓரத்துக்குப் போ. உள்ள இருக்கறவங்க ஒரே மாதிரி வரணும்ல,” என்றான். அன்றிலிருந்து எங்கள் வீட்டு செல்ஃபிக்கெல்லாம் ஓரம் என்னுடையது. இப்போது யாரும் சொல்வதில்லை, ஃபோனைத் தூக்கியதும் கால் தானாக அங்கே போய்விடுகிறது.

போன மாதம் எனக்கு நிச்சயதார்த்தம். அன்று எடுத்த செல்ஃபியை மாப்பிள்ளையின் பெரியம்மா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எல்லாரும் லட்சணமா இருக்கீங்க. பொண்ணு எங்க, காணோம்?”

ஜோயல் ஓரத்தில் விரலை வைத்துக் காட்டினான்.

“இதுவா?” என்றார் பெரியம்மா. “நான் பொண்ணோட அத்தைன்னுல்ல நெனச்சேன்.”