அம்மா போட்ட அலறல்

அன்னைக்கி எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. ஒரு சண்டைக் காட்சிக்குச் சத்தம் சேக்கணும்.

நான் திருச்சியில ஒலிப்பதிவு படிக்கிறேன். இலுப்பூர்ல எங்க தெருவுல கேட்டீங்கன்னா, "மைக்செட் கட்டப் படிக்குது"ன்னு சொல்லுவாங்க. திருத்திப் பாத்தேன். "ஓ, காதுகுத்துக்கெல்லாம் வருவியா?"ன்னாங்க. விட்டுட்டேன்.

காலேஜ்ல சத்தமே இல்லாத ஒரு குட்டிப் படத்தைக் குடுத்துட்டாங்க. ஒருத்தன் ஒரு பொம்பளைய அடிக்கிறான், எலும்ப முறிக்கிறான், கத்தியால குத்துறான். அவ அலறிட்டுச் செத்துப்போறா. எல்லாச் சத்தமும் நாமளே உண்டாக்கணும், நெட்ல எடுக்கக் கூடாது. திங்கக்கிழமை குடுக்கலைன்னா ஃபெயில்.

சரின்னு லீவுக்கு வீட்டுக்கு வந்தேன். அடிக்குச் சப்பாத்தி மாவு. எலும்புக்கு முருங்கைக்காய். குத்துக்குத் தர்பூசணி. அலறலுக்கு அம்மா.

"நான் எதுக்குடி கத்தணும்?"

"நான் கத்துனா சின்னப்புள்ள கத்துற மாதிரி இருக்கும்மா. ஒனக்குத்தான் நல்ல குரலு."

குரல்னதும் அம்மா கொஞ்சம் எளகிருச்சு. "பாட்டுன்னா பாடிருவேன்"னுச்சு. பாட்டுப் பாடிக்கிட்டே யாரும் சாக மாட்டாங்கம்மான்னேன்.

வெளிச்சத்தம் உள்ள வரக் கூடாதுல்ல? ஜன்னலெல்லாம் சாத்துனேன். அதுமேல மெத்தைய நிமித்தி வச்சேன். கதவுல போர்வை. ஃபேனையும் நிறுத்தியாச்சு. மே மாசத்து மத்தியானம்! இட்லிச் சட்டிக்குள்ள உக்காந்த மாதிரி இருந்துச்சு.

எதிர்வீட்டுச் செல்வி அத்தை இதையெல்லாம் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்திருக்காங்க. இந்த வெக்கையில கதவு ஜன்னலெல்லாம் சாத்துறாங்களே, என்னவோ ஏதோன்னு. எனக்கு அது அப்பத் தெரியாது.

மாவுல குத்துனேன். டொம்! டொம்! அருமை. முருங்கைக்காயக் கொத்தா முறிச்சேன். எனக்கே பல்லு கூசுச்சு.

அடுத்து அம்மா. ஹெட்போன மாட்டிக்கிட்டு, "ம்... கத்து"ன்னேன்.

"ஆ."

"என்னம்மா, டாக்டர்கிட்ட நாக்கக் காட்டுற மாதிரி!"

"நின்னுக்கிட்டு வரமாட்டேங்குதுடி. படுத்துப் பாக்குறேன்."

படுத்துச்சு. நான் கத்திய எடுத்துப் பழத்துல ஒரு சொருகு சொருகுனேன். அம்மா கத்துச்சு பாருங்க! ஹெட்போன கழட்டி வீசிட்டேன். ஊர்ப்பட்ட சத்தம். ஆனா மைக்குக்கு ரொம்பக் கிட்ட இருந்ததால பதிவு கரகரன்னு ஒடஞ்சிருச்சு.

"இன்னொரு தடவை குத்துறேன்! செத்துப்போறவ மாதிரி நல்லாக் கத்தும்மா!"

அந்தக் கத்தலையும், நான் சொன்னதையும் செல்வி அத்தை முழுசாக் கேட்டுட்டாங்க.

நான் திரும்ப ஹெட்போன மாட்டுனேன். குத்துனேன். அம்மா கத்துச்சு. இந்தத் தடவ பிரமாதம்! ஆனா கடைசியில ஏதோ டமடமன்னு கேட்டுச்சு. பக்கத்து வீட்டுல யாரோ சுவத்த இடிக்கிறாங்கன்னு நெனச்சு, வந்த கடுப்புல கத்துனேன்: "யாரு அது? வந்தேன்னா கொன்னுருவேன்!"

டமடம நின்னுச்சு. கொஞ்ச நேரத்துல கொல்லைப்பக்கக் கதவு படார்னு தொறந்துச்சு.

செல்வி அத்தை, கையில ஒலக்கை. பின்னாடி தெருவுல பாதி.

அவங்க பாத்தது இதுதான்: இருட்டு ரூமு. அம்மா தரையில மல்லாக்க. சுத்தி செவப்பா ஓடுது. நான் வேர்த்து விறுவிறுத்து, கையில கத்தி.

"அய்யோ மதினீ!"ன்னு அத்தை அப்படியே உக்காந்துட்டாங்க.

அம்மா சாவகாசமா எந்திரிச்சு, "என்ன செல்வி, காப்பி குடிக்கிறியா?"ன்னுச்சு.

பின்னாடி நின்னவங்கள்ல பாதிப்பேரு ஓடிட்டாங்க.

அதுக்குள்ள யாரோ கடைவீதியில உரக்கடை வச்சிருக்க எங்கப்பாவுக்குப் போனப் போட்டு, "ஒங்க மகளுக்குப் புத்தி பெரண்டுருச்சு, வெரசா வாங்க"ன்னு சொல்லிட்டாங்க. அப்பா கல்லாவக்கூடப் பூட்டாம, ஒரு கால்ல மட்டும் செருப்போட வண்டியில வந்து எறங்குனாரு. அம்மாவப் பாத்தாரு, என்னையப் பாத்தாரு, தரையப் பாத்தாரு. பாவமாப் போச்சு எனக்கு.

"அப்பா... தர்பூசணிப்பா."

ஒரு துண்ட எடுத்து வாயில போட்டுப் பாத்தாரு. அப்பறந்தான் மூச்சு விட்டாரு. "மாவு எதுக்கு? ராத்திரிக்குச் சப்பாத்தியா?"

அத்தை மட்டும் நம்பல. "பழத்துக்கு எதுக்குடி மதினி அப்படிக் கத்துச்சு?"

சரி, ஆதாரம் காட்டுவோம்னு பதிவ ஸ்பீக்கர்ல போட்டேன். அதுதான் நான் செஞ்ச பெரிய தப்பு. டொம், மடக், சதக், அம்மாவோட அலறல். அத்தை மறுபடியும் அழுக ஆரம்பிச்சிட்டாங்க. வாசல்ல ஒருத்தர், "இங்கிட்டு இருக்க வேண்டாம்ப்பா, நாளைக்கி சாட்சிக்குக் கூப்புடுவாங்ய"ன்னு நழுவிட்டாரு.

ஒருவழியா விளக்கி முடிச்சதும் அத்தை கண்ணத் தொடச்சுக்கிட்டுக் கேட்டாங்க: "நான் ஒருதடவ கத்திப் பாக்கவா?"

கத்துனாங்க. தெருநாய் அத்தனையும் பதில் குடுத்துச்சு. அம்மாவுக்கு மூஞ்சி மாறிப்போச்சு. "என்னதான் இருந்தாலும் ஏங்குரல்ல ஒரு சோகம் இருக்கும்ல?"

ரெண்டுல ஒண்ணப் படத்துல சேத்து அனுப்புனேன். எதுன்னு யாருகிட்டயும் சொல்லல. திங்கக்கிழமை சாரு போன் பண்ணுனாரு. "எலும்பு பிரமாதம். பாஸ் போட்டுட்டேன். ஆனா அந்த அலறல் இருக்கே, சுத்தமா நம்புற மாதிரி இல்லைம்மா. நெஜத்துல யாரு அப்படிக் கத்துவா?"

ஒரு தெருவே நம்புச்சு சார்னு சொல்ல வந்து, முழுங்கிட்டேன்.

அம்மா கேட்டுச்சு, "சாரு என்ன சொன்னாரு? யாரு கத்துனத அனுப்புன?"

"அலறல் சரியில்லையாம். செல்வி அத்தையோடதும்மா."

அப்பறம் அத்தை தனியா வந்து அதையே கேட்டாங்க.

"அம்மாவோடது அத்தை."

ரெண்டு பேருக்கும் பாவமாப் போச்சு போல. ஒருத்தருக்கு ஒருத்தர் ஆறுதல் சொல்லணும்னு ஒரே நேரத்துல வீட்ட விட்டுக் கெளம்பி, நடுத்தெருவுல சந்திச்சிருக்காங்க.

நல்லவேளை, நான் அதுக்குள்ள திருச்சி பஸ்ல ஏறிட்டேன்.