பெண் பார்க்கப் போய்ச் சிலை பார்த்த கதை

பெண் பார்க்கப் போகிறவன் பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு வர வேண்டும். நான் சிலையையும் பார்த்துத் தொலைத்தேன்.

சேத்தியாத்தோப்பிலிருந்து நான், அம்மா, தரகர் மூவரும் பஸ் ஏறி விருத்தாசலத்தில் இறங்கினோம். பெண் வீடு தேரடிக்கு எதிரே. தேரடி நடுவில் வெள்ளை வெளேரென்று, இரண்டு ஆள் உயரத்துக்குப் பீங்கானில் ஏதோ ஒன்று நின்றது. நவீன சிற்பமாம். முன்னால் நின்று பார்த்தால் சங்கு, பக்கவாட்டில் காது, பின்னால் போனால் பாதி உரித்த பலாப்பழம். அதன் காலடியில் இரண்டு தட்டிகள். ஒன்று ‘அகற்று’ என்றது, இன்னொன்று ‘எங்கள் ஊர்ப் பெருமை’ என்றது. (இரண்டையும் ஒரே கடையில்தான் அடித்திருக்க வேண்டும், எழுத்து ஒரே மாதிரி இருந்தது.)

கூடத்தில் உட்கார வைத்தார்கள். எனக்கு வலப்பக்கம் பெண்ணின் அப்பா, இடப்பக்கம் சித்தப்பா. கேசரி வந்தது.

"வெளில நிக்குதே, அதப் பாத்தீங்களா தம்பி? எப்படி இருக்குது?" என்றார் அப்பா.

நாலு விஷயம் தெரிந்த மாப்பிள்ளை என்று காட்டிக்கொள்ள வேண்டாமா? "அருமைங்க. ரொம்ப ஆழமா இருக்குது" என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. சிலையை எடுக்கச் சொல்லி வீடு வீடாகக் கையெழுத்து வாங்கியவரே அவர்தான் என்று தரகர் என் காதில் ஓதினார்.

உடனே வண்டியைத் திருப்பினேன். "ஆனா தேர் திரும்புற எடத்துல இத வெச்சது தப்புதாங்க. பாக்கவே சகிக்கல."

இடப்பக்கம் டம்ளர் ணங்கென்று ஸ்டூலில் இறங்கியது. "அது வெந்தது என் சூளையில" என்றார் சித்தப்பா.

சிலை வந்த நாளிலிருந்து ஒரே வீட்டில் அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை என்று தரகர் மறுபடியும் ஓதினார். (இதைப் பஸ்ஸிலேயே சொல்லியிருக்கக் கூடாதா அந்த மனிதர்?)

அந்த நேரம் பார்த்துத்தான் கதவோரம் நின்ற பெண், மலர்விழி, கண்ணில் பட்டாள். பிடித்துப்போயிற்று. இந்தச் சம்பந்தம் கைநழுவிவிடக் கூடாதென்று அவசரமாகச் சமரசத்தில் இறங்கினேன்.

"ரெண்டு பேரு சொல்றதும் சரிங்க. சிலை அங்கயே இருக்கட்டும். தேர் வர்றப்ப மட்டும் ஒரு போர்வையப் போட்டு மூடிடலாம்."

"தேர் இடிச்சா?" என்றார் அப்பா.

"போர்வைய நாலா மடிச்சுப் போடலாங்க."

அப்பா என் தலைக்கு மேலாகத் தம்பியைப் பார்த்தார்.

"டேய், இந்தப் பையன் வேணாம்டா."

"எனக்கும் அதாண்ணே தோணுது. ஒண்ணும் வெளங்காதவரா இருக்காரு."

என் முகத்தில் ஈயாடவில்லை. அம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். அதற்குள் பெண்ணின் அம்மா அடுப்படியிலிருந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"உக்காருங்கக்கா. ஆறு மாசமா மூஞ்ச திருப்பிக்கிட்டு இருந்தவங்க, இப்பதான் வாயத் தொறந்து பேசியிருக்காங்க. எனக்கு இந்த மாப்ளதான் வேணும். நீ என்னா சொல்ற மலரு?"

மலர்விழி வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினாள். வெட்கம் என்று நினைத்தேன். சிரிப்பு என்று கல்யாணத்துக்கு அப்புறம்தான் சொன்னாள்.

சிலை அங்கேயேதான் நிற்கிறது. அது என்னவென்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அண்ணன் தம்பிக்குள் எப்போது பேச்சு நின்றாலும் மாமியாரிடமிருந்து போன் வந்துவிடும்.

"மாப்ள, ஒரு எட்டு வந்து ரெண்டு பேருக்கும் நடுவுல உக்காந்து எதையாச்சும் சொல்லிட்டுப் போங்க."